மருந்து எதையும் கண்டுபிடிக்காத இதய ஆராய்ச்சியாளர்: சலீம் யூசுஃப் அப்படி என்ன செய்தார்?

கேள்வி இதுதான்: "இதய நோய் பற்றி எதைப் படித்தாலும் சலீம் யூசுஃப் என்ற பெயர் வருகிறது. அவர் பெயரில் ஒரு மருந்து இல்லை, ஒரு அறுவை சிகிச்சை இல்லை, ஒரு நோய்கூட இல்லை. பிறகு எதற்கு இத்தனை மரியாதை? மருத்துவம் படிக்கும் நான் அவருடைய பாதையிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?"

நீங்கள் கவனித்தது சரிதான். அவர் எதையும் 'கண்டுபிடித்தவர்' இல்லை. கடையில் ஏற்கெனவே இருக்கும் மருந்து உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகிறதா, காப்பாற்றினால் நூற்றில் எத்தனை பேரை, அதை யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுப்பது வீண் என்று மறுக்க முடியாதபடி காட்டுவதுதான் அவர் வேலை. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் 1970களின் இதய மருத்துவத்தில் இதைச் செய்ய ஆளே அதிகம் இல்லை.

முதலில் சுருக்கமாக ஆளைப் பற்றி. 1952ல் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்தவர். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து 1976ல் வெளியே வந்தார். ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்து ஆக்ஸ்ஃபோர்டு போனார். அங்கே அமைந்த கூட்டாளிகள்தான் அவர் பாதையைத் தீர்மானித்தார்கள் என்பது என் எண்ணம். ஒருவர் பீட்டர் ஸ்லைட், இதய மருத்துவர். இன்னொருவர் ரிச்சர்ட் பீட்டோ, புள்ளியியலாளர். புகைப்பழக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த ரிச்சர்ட் டாலுடன் வேலை செய்தவர். பின்னால் ரோரி காலின்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் சேர்ந்துகொண்டார். நோயாளியின் படுக்கை அருகே நிற்பவரும் கணக்குப் போடுபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை.

அப்போது மாரடைப்போடு வருபவருக்கு என்ன வைத்தியம்? படுக்கை ஓய்வு, வலிக்கு மார்ஃபின், இதயத் துடிப்பு தாறுமாறானால் அதற்குச் சிகிச்சை. அவ்வளவுதான். இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்தைக் கொடுத்தால் இதயத்தின் ஆக்சிஜன் தேவை குறையும், அதனால் சாகும் தசையின் அளவும் குறையும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. யூசுஃப் தன் ஆய்வுக் காலத்தில் இதைத்தான் எடுத்துக்கொண்டார். மாரடைப்பு வந்த சில மணி நேரத்துக்குள் அட்டெனலால் என்ற பீட்டா பிளாக்கரை ஊசியாகப் போட்டு, சாகும் தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் என்சைமை வைத்துச் சேதத்தின் அளவைப் பார்த்தார்கள். சேதம் குறைந்தது.

வேறு பலர் இங்கேயே நிறுத்திக் கட்டுரை எழுதி, அடுத்த தலைப்புக்குப் போயிருப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு குழு அடுத்த கேள்வியைக் கேட்டது: என்சைம் குறைந்தது சரி, சாவு குறைகிறதா?

இங்கேதான் கணக்கு குறுக்கே வருகிறது. அதற்கான விடை ஐசிஸ்-1 என்ற டிரையலில், அதாவது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து மருந்தைச் சோதிக்கும் ஆய்வில், கிடைத்தது; 1986ல் வெளியானது. மொத்தம் 16,027 நோயாளிகள். பாதிப் பேருக்கு அட்டெனலால், பாதிப் பேருக்கு இல்லை. முதல் 7 நாளில் ரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் அட்டெனலால் பக்கம் 313, இல்லாத பக்கம் 365. அதாவது 3.89 சதவீதம், 4.57 சதவீதம். வித்தியாசம் 52 உயிர். இதே ஆய்வை, அன்றைய பழக்கப்படி, ஆயிரம் பேரை வைத்துச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு பக்கம் 19 அல்லது 20 சாவு, மறுபக்கம் 23 என்று வந்திருக்கும். நாணயத்தைச் சுண்டினாலே வரக்கூடிய வித்தியாசம் அது. "பலன் இல்லை" என்று எழுதி மூடியிருப்பார்கள். இன்னொரு ஊரில் இன்னொரு ஆயிரம் பேரில் எதிர்த்திசையில் வந்திருந்தால் "ஆபத்து" என்றும் எழுதியிருப்பார்கள். அந்தக் காலத்து மருத்துவ இதழ்களில் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகள் குவிந்து கிடந்ததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதிலிருந்து வந்ததுதான் யூசுஃப், காலின்ஸ், பீட்டோ மூவரும் 1984ல் எழுதிய வாதம். மாரடைப்பு மாதிரி நோயில் ஒரே மருந்து சாவைப் பாதியாகக் குறைக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. பத்து, இருபது சதவீதம் குறைந்தாலே பெரிது, ஏனென்றால் நோய் அவ்வளவு பரவலானது. ஆனால் அந்தச் சின்ன வித்தியாசத்தை நம்பகமாகப் பிடிக்க ஆயிரக்கணக்கில், பத்தாயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும். அத்தனை பேரைச் சேர்க்க வேண்டுமானால் டிரையல் எளிமையாக இருக்க வேண்டும். வேலை மிகுந்த வார்டு டாக்டர் ஒருவர் போனில் பதிவு செய்துவிட்டு, சின்னப் படிவத்தை நிரப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போக முடிய வேண்டும். ஐம்பது ரத்தப் பரிசோதனை, நூறு பக்கப் படிவம் என்று கேட்டால் யாரும் சேர்க்க மாட்டார்கள். "பெரிதாக, எளிதாக" என்பதுதான் அதன் சாரம். இன்றைக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது. அப்போது பல மூத்த மருத்துவர்களுக்கு இது பிடிக்கவில்லை. நோயாளியை நுணுக்கமாக ஆராயாமல் தலையை எண்ணுவது என்ன விஞ்ஞானம் என்று கேட்டார்கள்.

கூடவே இன்னொரு வேலையும் நடந்தது. ஏற்கெனவே முடிந்து, சின்னதாகச் சிதறிக் கிடந்த டிரையல்களை ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பது. இப்போது மெட்டா-அனாலிசிஸ் என்று சொல்கிறோமே, அதுதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற மருந்துகள் 1950களின் இறுதியிலிருந்தே மாரடைப்பில் சோதிக்கப்பட்டு வந்தன. ரத்தக்கசிவு பயத்தால் பெரும்பாலான டாக்டர்கள் தொடவில்லை. யூசுஃபும் மற்றவர்களும் 1985ல் 33 டிரையல்களைக் கூட்டிப் பார்த்தபோது சாவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவது தெரிந்தது. தனித்தனியாகப் பார்த்தால் அவற்றில் பல எதையும் நிரூபிக்காதவை. அடுத்த வருஷமே இத்தாலியில் 11,806 பேரை வைத்து நடந்த டிரையல் அதை உறுதி செய்தது. 1988ல் ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் ஐசிஸ்-2 வந்தது, 17,187 பேர். ஆஸ்பிரின் தனியாக 23 சதவீதம், ஸ்ட்ரெப்டோகைனேஸ் தனியாக 25, இரண்டும் சேர்ந்து 42 சதவீதம் சாவைக் குறைத்தன.

இந்த ஐசிஸ்-2ல் ஒரு வேடிக்கை உண்டு, சொல்லாமல் போக மனம் வரவில்லை. முடிவை வெளியிட்ட மருத்துவ இதழின் ஆசிரியர்கள் நோயாளிகளை வயது, பாலினம் என்று கூறுபோட்டு முடிவுகளைக் கேட்டார்கள். கூறுபோடுவதன் ஆபத்தைக் காட்ட, குழு ராசிவாரியாகவும் பிரித்துக் கொடுத்தது. மிதுனம், துலாம் இரண்டு ராசிக்காரர்களுக்கும் ஆஸ்பிரின் கெடுதல் செய்வதாக வந்தது. மற்றப் பத்து ராசிக்கும் அமோகமான பலன்! இன்றும் ஒரு டிரையலைக் கூறுபோட்டு "பெண்களுக்கு மட்டும் வேலை செய்யவில்லை" என்று யாராவது சொன்னால் இந்த ராசிபலனை நினைத்துக்கொள்ளுங்கள்.

1984ல் யூசுஃப் அமெரிக்காவுக்கு, பெதஸ்டாவில் உள்ள தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனத்துக்குப் போனார். 1992 வரை அங்கே. இந்தக் காலத்தில் இரண்டு டிரையல்கள் முக்கியம். ஒன்று சால்வ்ட். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு, அதாவது இதயம் போதிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாதவர்களுக்கு, ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஏசிஇ தடுப்பான் வகை மருந்தான எனலாப்ரில் கொடுத்துப் பார்த்தது. 2,569 பேர் கொண்ட பகுதியின் முடிவு 1991ல் வந்தது: சாவு 39.7 சதவீதத்திலிருந்து 35.2 ஆக இறங்கியது. இதயச் செயலிழப்பு என்றால் இந்த வகை மருந்து கட்டாயம் என்று ஆனதில் இதற்குப் பெரும் பங்கு.

இன்னொன்று டிஜாக்சின் என்ற பழைய இதய மருந்து பற்றியது. எனக்கு இதுதான் அவருடைய தனி முத்திரை. வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் ஃபாக்ஸ்குளோவ் செடியைப் பற்றி எழுதியது 1785ல். அதிலிருந்து வந்த மருந்தை இருநூறு வருஷமாக டாக்டர்கள் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அது உயிரைக் காக்கிறதா, எடுக்கிறதா என்று ஒழுங்காக யாரும் பார்க்கவில்லை. 6,800 பேரை வைத்து நடந்த டிஐஜி டிரையல் 1997ல் விடை சொன்னது: சாவில் வித்தியாசமே இல்லை. மருந்து எடுத்தவர்களில் 34.8 சதவீதம், எடுக்காதவர்களில் 35.1. ஆனால் இதயச் செயலிழப்பு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்வது நன்றாகக் குறைந்தது. ஆக, டிஜாக்சின் அமுதமும் இல்லை, விஷமும் இல்லை. அறிகுறி அடங்காதவருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், எல்லோருக்கும் வேண்டாம். இதில் லாபம் பார்க்க எந்தக் கம்பெனிக்கும் ஆர்வம் இருந்திருக்காது. பழைய, மலிவான மருந்து. அரசுப் பணம் இருந்ததால்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது.

1992ல் கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஆதாரம் சார்ந்த மருத்துவம் என்ற இயக்கம் பிறந்த இடம் அது. அதனால் அவருக்குப் பொருத்தமான ஊர்தான். 1999ல் அங்கே மக்கள்நல ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த இருபது வருஷம் அங்கிருந்து டிரையல்கள் வந்துகொண்டே இருந்தன: ரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் பற்றிய க்யூர், ரத்த அழுத்த மருந்தான டெல்மிசார்டான் பற்றிய ஆன்டார்கெட் என்று. எல்லாவற்றையும் விவரிக்கப் போவதில்லை. ஹோப் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

2000ல் வெளியான ஹோப் டிரையலில் 9,297 பேர். இதயச் செயலிழப்பு இல்லாத, ஆனால் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு எனலாப்ரில் வகையைச் சேர்ந்த ராமிப்ரில். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்ந்து 17.8 சதவீதத்திலிருந்து 14 ஆகக் குறைந்தன. இது பிரபலமான பாதி. அதே டிரையலின் இன்னொரு பாதி வைட்டமின் ஈ. 1993ல் பெரிய அவதானிப்பு ஆய்வுகள், அதாவது எதையும் கொடுத்துப் பார்க்காமல் மக்கள் தாமாகச் செய்வதைக் கவனிக்கும் ஆய்வுகள், இரண்டு வந்திருந்தன. வைட்டமின் ஈ சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோய் கணிசமாகக் குறைவு என்று சொன்னதும் ஜனங்கள் மாத்திரையை வாங்கிக் குவித்தார்கள். குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்தபோது பலன் பூஜ்யம். வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர் ஏற்கெனவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர். பலன் அந்த அக்கறையுடையது, மாத்திரையுடையது அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

அப்புறம்தான் அவர் பார்வை மருந்திலிருந்து மக்களுக்குத் திரும்புகிறது. அதுவரை மாரடைப்பின் காரணங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய வெள்ளையர்களிடமிருந்து வந்தது. ஆசியர்களுக்குக் காரணம் வேறு, மரபணு, ஏதோ மர்மம் என்ற பேச்சு நிறைய இருந்தது. 2004ல் வந்த இன்டர்ஹார்ட் 52 நாடுகளில் மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் வராதவர்களையும் ஒப்பிட்டது. ஒன்பது காரணிகள்: புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மன அழுத்தம், காய்கனி சாப்பிடாதது, உடல் உழைப்பின்மை, மது தொடர்பான ஒன்று. இவற்றால் ஆண்களில் 90 சதவீத ஆபத்தையும் பெண்களில் 94 சதவீதத்தையும் விளக்க முடிந்தது. எல்லாக் கண்டத்திலும் கிட்டத்தட்ட அதே பட்டியல். புகையும் கொழுப்பும் மட்டுமே மூன்றில் இரண்டு பங்கு.

தெற்காசியர்களுக்கு என்ன வித்தியாசம்? அதே தரவிலிருந்து 2007ல் ஒரு தனிக் கட்டுரை வந்தது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53, மற்ற நாட்டினருக்கு 58.8. காரணம் மர்மம் இல்லை. அதே ஆபத்துக் காரணிகள் நம் ஆட்களுக்குச் சின்ன வயதிலேயே சேர்ந்துவிடுகின்றன. "நம்ம மரபணு அப்படி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழியை இந்தக் கட்டுரை பெருமளவு அடைத்துவிட்டது. தமிழில் இதய நோய் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஏனோ அதிகம் எடுத்துச் சொல்வதில்லை.

இனி சர்ச்சை. இன்டர்ஹார்ட்டுக்குப் பிறகு ப்யூர் என்ற மாபெரும் ஆய்வைத் தொடங்கினார். முதலில் 17 நாடுகள், ஒன்றரை லட்சம் பேருக்கு மேல், பணக்கார நாட்டு நகரத்திலிருந்து ஏழை நாட்டுக் கிராமம் வரை. இதிலிருந்து வந்த சில முடிவுகள் மிக உறுதியானவை. 2011ல் வந்தது ஒன்று: ஏழை நாடுகளில், மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களில் 80 சதவீதம் பேர் ஆஸ்பிரின் உட்பட ஒரு மருந்தும் எடுக்கவில்லை. 2014ல் இன்னொன்று: ஆபத்துக் காரணிகள் பணக்கார நாடுகளில்தான் அதிகம், ஆனால் சாவு ஏழை நாடுகளில் அதிகம். வித்தியாசம் வைத்தியம் கிடைப்பதில் இருக்கிறது.

ஆனால் உப்பு விஷயத்தில் பெரிய சண்டை வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவை வைத்து, ஒரு நாளைக்கு 3 முதல் 6 கிராம் சோடியம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து குறைவு, அதற்குக் குறைந்தாலும் ஆபத்து கூடுகிறது என்று ப்யூர் சொன்னது. உலக சுகாதார அமைப்பின் வரம்போ 2 கிராம் சோடியம், அதாவது சுமார் 5 கிராம் உப்பு. எதிர்ப்பாளர்கள் கேட்டது நியாயமான கேள்வி: ஒரே ஒரு காலைச் சிறுநீரை வைத்து ஒரு மனிதர் நாள் முழுக்கச் சாப்பிட்ட உப்பை எப்படிக் கணிப்பீர்கள்? உடம்பு சரியில்லாதவர் குறைவாகச் சாப்பிடுவார், உப்பும் குறையும், சாவும் கூடும். அதை உப்பின் குற்றம் என்று எப்படிச் சொல்வீர்கள்? 2017ல் உணவு பற்றிய முடிவு வந்தபோதும் இதே கதை. மாவுச்சத்து அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குச் சாவு அதிகம் என்றது. மாவுச்சத்தையே சாப்பிட்டு வாழ்பவர் பெரும்பாலும் ஏழை. ஏழ்மையைக் கணக்கிலிருந்து முழுசாகக் கழிப்பது அவ்வளவு சுலபமா?

என் கருத்தைக் கேட்டால், உப்பு விஷயத்தில் எதிர்ப்பாளர்கள் பக்கம்தான் கனம் அதிகம். வைட்டமின் ஈயை அம்பலப்படுத்தியவரே அவதானிப்புத் தரவில் இத்தனை உறுதியோடு பேசியது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. 2021ல் சீனாவின் 600 கிராமங்களில் வேறொரு குழு சாதா உப்புக்குப் பதிலாகச் சோடியம் குறைந்த உப்பைக் குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்தது. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. அந்த உப்பில் பொட்டாசியமும் இருந்ததால் பலனை முழுக்கச் சோடியத்தின் கணக்கில் எழுத முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் கேள்வியைத் தீர்க்கும் வழி அதுதான், அந்த வழியைப் பரப்பியவர்களில் ஒருவர் யூசுஃபே.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய டிரையல்களுக்குக் கோடிக்கணக்கில் செலவாகும். அவருடைய நிறுவனத்தின் பல டிரையல்களுக்கு மருந்து கம்பெனிகள்தான் பணம் போட்டன. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவரோக்ஸபான் பற்றிய காம்பஸ் டிரையலுக்கு பேயர் கம்பெனி ஒரு உதாரணம். டிஜாக்சின் மாதிரி கேள்விகளுக்குக் கம்பெனிப் பணம் வராது, புது மருந்துக்கு வரும். இதனால் முடிவுகள் பொய் என்று ஆகிவிடாது. எந்தக் கேள்விகள் கேட்கப்படுகின்றன என்பது மாறும். படிக்கும்போது அதைப் பார்த்துப் படிக்க வேண்டும், அவ்வளவே.

இந்தக் குறைக்கு ஓரளவு மாற்றாக நான் பார்ப்பது பாலிபில். பல மலிவு மருந்துகளை ஒரே மாத்திரையில் அடைப்பது. நாலு வகை மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு ஆபத்தை முக்கால் பங்கு குறைக்கலாம் என்று 2002லேயே எழுதினார். 2009ல் இந்தியாவில் 2,053 பேரிடம், அகமதாபாத்தின் காடிலா தயாரித்த பாலிகேப்பை வைத்து முதல் சோதனை. பிறகு டிப்ஸ்-3 என்ற பெரிய டிரையல், 5,713 பேர். பாலிபில்லும் ஆஸ்பிரினும் சேர்ந்து மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 31 சதவீதம் குறைத்தன. 2023ல் உலக சுகாதார அமைப்பு பாலிபில்லை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மாத்திரை இருந்தால் மட்டும் போதாது, கொடுக்க ஆள் வேண்டும் என்பதற்கு ஹோப்-4: கொலம்பியா, மலேசியா இரண்டு நாடுகளிலும் டாக்டர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய், இலவச மருந்தும் கொடுத்து, குடும்பத்தில் ஒருவரையோ நண்பரையோ துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷத்தில் அங்கே 69 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது. வழக்கமான வைத்தியத்தில் 30 சதவீதம்.

விருதுகளைச் சும்மா தொட்டுவிட்டுப் போகிறேன். 2014ல் கெய்ர்ட்னர் வைட்மன் விருது, அதே வருஷம் கனடா மருத்துவப் புகழ் மன்றத்தில் இடம், பிறகு உலக இதயக் கூட்டமைப்பின் தலைவர் பதவி.

உங்களுக்கு என்ன என்று கேட்டீர்கள். ஆராய்ச்சி ஆசை இருந்தால் புள்ளியியலைத் தேர்வுக்கான பாடமாக விட்டுவிடாதீர்கள்; கணக்குத் தெரிந்த ஒருவரைச் சீக்கிரமே கூட்டாளியாகப் பிடியுங்கள். தனி ஆளாக மேதையாகலாம் என்ற கனவு இந்தத் துறைக்கு ஒத்துவராது. அவருடைய கட்டுரைகளில் ஆசிரியர் பெயர்கள் சில சமயம் ஒரு பக்கத்தை நிரப்பும். அதில் பெங்களூரில் அவர் படித்த கல்லூரியின் ஆட்களும் தொடர்ந்து இருப்பார்கள். அந்தக் கூட்டணியிலிருந்து 2008ல் வந்த க்ரியேட் பதிவேடு, இந்தியாவில் மாரடைப்போடு வந்த 20,468 பேரைப் பின்தொடர்ந்து, ஏழைகளுக்கு நிரூபணமான சிகிச்சை குறைவாகக் கிடைப்பதையும் அவர்கள் அதிகம் இறப்பதையும் காட்டியது. இந்த மாதிரி வேலைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரே படிவத்தை எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒழுங்காக நிரப்ப வைக்கும் பொறுமை தேவை.

படிக்கத் தொடங்குவதென்றால் டிஐஜி கட்டுரையில் தொடங்குங்கள், சின்னது, தெளிவானது. அடுத்து ஹோப்பின் வைட்டமின் ஈ கட்டுரை. அதன் சூடு ஆறுமுன் ப்யூரின் உப்புக் கட்டுரையையும், அதோடு வந்த மறுப்புக் கடிதங்களையும் எடுங்கள். இன்டர்ஹார்ட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணைகள் நீளம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.